பதிலுக்குக் காத்திருந்த கிளி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், ஏற்காட்டில் எங்கள் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கடைவீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கீழே என் கணவரின் காப்பித்தூள் கடை, அதன் பின்னால் கொட்டை வறுக்கிற அறை, மாடியில் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். ஜீப்பில் வந்தவர் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர்தான். எப்போதும் காப்பிக்கொட்டை மூட்டையோடு வருகிறவர், அன்றைக்குச் சாக்குப் போட்டு மூடிய ஒரு பெரிய கூண்டோடு வந்தார்.

சாக்கை விலக்கியதும் என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரே, கோழிய உரிச்சு உயிரோட கொண்டாந்துட்டீங்களா?" என்றார். அவருக்கு எதிலும் ஒரு கிண்டல் வேண்டும். ஆனால் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இருந்தது ஒரு கிளி. நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை, சாம்பல் நிறத்தில் சிவப்பு வாலோடு இருக்கும் ஆப்பிரிக்கக் கிளி. தலையில் இறகு அழகாகப் படிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மார்பு, வயிறு, தொடை எல்லாம் வெறும் தோல். அங்கங்கே சிவப்பாகப் புண். அந்த உடம்போடு அது கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாரையோ தேடுகிற பார்வை.

ரைட்டர் சொன்ன கதை இதுதான். எஸ்டேட் பங்களாவில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். கிளி அவர்களுடையது. அந்த அம்மாள் காலமாகிவிட்டார். கொஞ்ச மாதத்தில் பெரியவரை மகன் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய்விட்டார். கிளியை வாட்ச்மேன் பொறுப்பில் விட்டுப் போனார்கள். அவர் மோட்டார் ரூமில் கூண்டை மாட்டி, தினமும் சூரியகாந்தி விதை போட்டுத் தண்ணீர் வைத்தார். அதற்குமேல் அவருக்கு என்ன தெரியும், பாவம். இப்போது பங்களாவை விற்றாகிவிட்டது. வாங்கியவர்களுக்குக் கிளி வேண்டாமாம். "பாயம்மா பார்த்துக்குவாங்கன்னு தோணுச்சுங்க" என்று ரைட்டர் தலையைச் சொறிந்தார். கால் ஒடிந்த பூனை, கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு எதுவானாலும் இந்தத் தெருவில் என்னிடம்தான் வந்து சேரும். அந்தப் பேர் எனக்கு எப்படியோ வந்துவிட்டது.

என் கணவர், கடை நடத்துகிறோமா சரணாலயம் நடத்துகிறோமா என்று கேட்டார். நான் கேட்காத மாதிரி கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். (பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டுக் கிளி என்பதால் வளர்க்கலாம், ஆனால் பதிவு வேண்டும். அதைப் பெரியவரின் மகன் பிறகு முறைப்படி எங்கள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்.)

முதல் தப்பை அன்றைக்கே செய்தோம். காப்பித்தூள் கடைக்காரர்கள் மட்டும்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஏற்காட்டுக் குளிரில் உடம்பில் இறகில்லாத ஒரு ஜீவன் என்ன பாடுபடும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. எங்கள் வீட்டிலேயே கதகதப்பான இடம் கொட்டை வறுக்கிற அறைதான். வறுக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டினோம். என் கணவர்கூட, "நம்மளவிட சொகுசா இருக்கட்டும்" என்று திருப்தியாகச் சொன்னார். அங்கே நாள் முழுக்கச் சூடும் புகையும் இருக்கும், வறுபடும் கொட்டையிலிருந்து தோல் பறக்கும். நாங்கள் அதிலேயே வாழ்கிறவர்கள், எங்களுக்கு அது மணம். கிளி அடுத்த வாரத்திலேயே முதுகிலும் இறகைப் பிடுங்க ஆரம்பித்தது.

அது எப்படிப் பிடுங்கும் தெரியுமா? ஆத்திரத்தில் பிய்த்துப் போடாது. ஒரு இறகை அலகால் மெதுவாகக் கோதும், நீவும், அடியில் போய்ப் பிடித்து ஒரு சின்ன இழுப்பு. அதை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு கீழே விடும். பார்க்கிற எனக்குத்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் மயிர்க்கூச்செறியும். நான் ஓடுவேன். வேண்டாம் கண்ணு, வேண்டாம் சாமி என்று கெஞ்சுவேன், திட்டுவேன், தலையைத் தடவுவேன். அந்த நேரத்துக்கு நிறுத்தும்.

சேலத்தில் பறவைகளுக்கு நல்ல வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். வளைவுக்கு வளைவு அது கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்தார். பேன் இல்லை, பூச்சி இல்லை, ரத்தத்திலும் பெரிதாகக் கோளாறு இல்லை. அலகு எட்டாத தலையில் மட்டும் இறகு முழுசாக இருக்கிறது, அதனால் இது அதுவாகச் செய்துகொள்வதுதான் என்றார். கொட்டை வறுக்கிற அறையைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பறவைக்கு நுரையீரல் அவ்வளவு மென்மையாம். புகை, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் ஆகாதாம். காப்பி ஒரு சொட்டும் கூடாது. ஏற்காட்டில் வீட்டுக்கு வீடு காய்க்கிற பட்டர் ஃப்ரூட் கிளிக்கு விஷம் என்றும் அவர் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பழம் ஒன்றை மறுநாள் கொடுக்கலாம் என்று வீட்டில் பழுக்கப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கடைசியாக அவர் சொன்னது மட்டும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "சாப்பாடு, புகை எல்லாம் சரி பண்ணிடலாம்மா. ஆனா அது பிடுங்கறதுக்கு முன்னாடி என்ன நடக்குது, பின்னாடி என்ன நடக்குது, ரெண்டையும் பாருங்க. தோலைத் தாண்டிச் சதையைக் கடிக்க ஆரம்பிச்சிட்டா, அப்புறம் என்னாலயும் காப்பாத்த முடியாது." அந்தக் கடைசி வாக்கியம் மலையேறும்போது பஸ் முழுக்க என் கூடவே வந்தது.

வந்ததும் கூண்டை மாடியில் ஏரிப் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு மாற்றினேன். சூரியகாந்தி விதையைக் குறைத்தேன். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை, வேகவைத்த பயறு என்று என் சமையலில் பாதி அதன் சமையலாகிவிட்டது. செம்மநத்தத்திலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்கிற ஒரு அக்காவிடம் தினைக் கதிரைத் தண்டோடு கொண்டுவரச் சொன்னேன். மலையில் கிளியை விரட்டிக் கதிரைக் காப்பாற்றுகிற அவருக்கு இது பெரிய வேடிக்கை. "அங்க தகரம் தட்டி ஓட்டறோம், இங்க ஊட்டுக்குள்ள வெச்சு ஊட்டறீங்க" என்று சிரித்தார். கதிரைக் கூண்டில் கட்டினால் கிளி ஒவ்வொரு மணியாக உதிர்த்துக்கொண்டு பாதிக் காலையை ஓட்டிவிடும். கொய்யாக் கிளையை வைத்தால் பட்டையை உரிக்கும். உரிக்க வேறு ஏதாவது இருந்தால் தன்னை உரிப்பது குறைகிறது என்பது எனக்கே தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை அதன் மேல் பூவாகத் தெளிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்து, எங்கேயோ பெரிய மழையில் நிற்கிற மாதிரி நிற்கும். முதுகில் பஞ்சு மாதிரி புது இறகு எட்டிப் பார்த்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சாயங்காலம் ஒன்று இருந்தது.

எங்கள் ஊரில் மழைக்காலச் சாயங்காலத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஏரியிலிருந்து பனிமூட்டம் எழும்பி, எதிர் வீட்டைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிடும். தெருவில் நடக்கிறவர்களின் பேச்சு மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. எங்கேயோ பஸ் ஹார்ன் அடிக்கும். மஃரிப் பாங்கு பள்ளிவாசலிலிருந்து வருகிறதா மலையிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நேரத்தில்தான், மாடிக்கு வந்த சில நாளில், விளக்கைப் போடப் போன என் பின்னாலிருந்து ஒரு வயதான பெண்மணியின் குரல் கேட்டது.

"ஏனுங்க... எங்க இருக்கறீங்க?"

கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. அறையில் யாருமில்லை. கிளி கம்பியில் நின்று, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் அதே கேள்வி. அந்தக் குரலில் லேசான மூச்சிரைப்புகூட இருந்தது. மெலிதாக ஒரு வளையல் சத்தம். செத்துப்போன ஒருவர், அந்திநேரத்தில், பனிக்குள்ளிருந்து, தன் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து நிற்கிறார்.

தொழுகை முடிந்து வந்த என் கணவரும் மறுநாள் அதைக் கேட்டார். கிண்டல் செய்கிற மனுஷர் முகம் வெளுத்துப்போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தக் குரல் வீட்டில் கேட்கக்கூடாது, அது கூப்பிட ஆரம்பித்தால் துணியைப் போட்டு மூடிவிடு என்றார். எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. பழைய போர்வை ஒன்றைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். முதல் அழைப்பு வந்ததும் போர்வை விழும். உள்ளே இருட்டில் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, அந்தக் கேள்வி. அப்புறம் மௌனம். அந்த மௌனத்துக்காகத்தான் நாங்கள் மூடினோம். அந்த மௌனத்துக்குள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று போர்வையை எடுக்கும்போதுதான் தெரியும். கூண்டின் அடியில் புதிதாக முளைத்த இறகுகள், அடிக்குருத்தில் ரத்தத்தோடு கிடக்கும். அதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கிளியை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வேன்.

மார்கழியில் ஒருநாள் போர்வையை எடுத்தபோது அதன் அலகே சிவந்திருந்தது. மார்பில் சதை தெரிந்தது. டாக்டரம்மா சொன்னது நடந்துவிட்டது. மறுநாள் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து போட்டு, கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை மாட்டி அனுப்பினார். புண் ஆறுகிற வரைக்கும்தான் இது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை பட்டை போட்டும் பிரயோஜனமில்லை என்றார். அந்தப் பட்டையோடு அது நிலைகொள்ளாமல் தடுமாறிக் கூண்டின் அடியில் போய், மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. தினைக் கதிரைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் பனி வந்தது, பாங்கு சொன்னார்கள், விளக்கைப் போட்டேன். கிளி கூப்பிடவில்லை. அந்தக் குரல் வரக்கூடாது என்றுதானே அத்தனை நாளும் துணியும் கையுமாக நின்றேன். வராமல் போனதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூப்பிடுவதை விட்டுவிட்டால் இது செத்துப்போகும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அழுதுகொண்டே யோசித்தபோதுதான் டாக்டரம்மாவின் கேள்வி உறைத்தது. முன்னாடி என்ன நடக்கிறது? அது கூப்பிடுகிறது, நான் மூடுகிறேன். பின்னாடி என்ன நடக்கிறது? அது பிடுங்குகிறது, நான் ஓடிவந்து எடுத்துக் கொஞ்சுகிறேன். வாயால் கூப்பிட்டபோது வராத நான், ரத்தம் வந்தால் தவறாமல் வந்தேன். இதைவிடத் தெளிவாக ஒரு பறவைக்கு யார் பாடம் நடத்த முடியும்?

ரைட்டரைப் பிடித்துப் பெரியவரின் நம்பரை வாங்கினேன். நமக்குப் பொழுது சாய்கிற நேரம் அங்கே விடிகிற நேரம். ரொம்ப நிதானமான குரல். நான் யாரென்று சொன்னதும், "சொல்லுங்க அம்மணி, கிளி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. இறகு பிடுங்குவதை, புண்ணை, பட்டையை எல்லாம் சொன்னேன். அது அந்த அம்மாளின் குரலில் கூப்பிடுவதையும் சொன்னேன். பிறகு அவராகவே பேசினார்.

பங்களா பெரியதாம். சாயங்காலம் மூட்டம் இறங்கினால் அவர் காப்பி காயப்போடுகிற களத்தில் இருப்பாராம், அந்த அம்மாள் வராந்தாவிலிருந்து குரல் கொடுப்பாராம். அவர் "இருக்கறன், இருக்கறன்" என்று பதில் சொல்வாராம். பேச்சு அவ்வளவுதான். எத்தனையோ வருடமாகத் தினமும் நடந்தது அது, கிளி வராந்தாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் போன பிறகு கிளி கூப்பிட ஆரம்பித்தது.

"எனக்குத் தாங்க முடியலீங்க அம்மணி. மொத நாளு பதில் சொல்லிப் பார்த்தன், அதுக்கு மேல முடியல. அப்புறம் அது கூப்புட்டா எந்திரிச்சுப் போயிருவன். நானுந்தான் துணி போட்டு மூடுனன். அப்பவே நெஞ்சுல எறகு போயிருச்சுங்க. வாட்ச்மேன் மேல பழி போகுதுன்னு தெரியும், நான் வாயத் தொறக்கல."

அவரை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. என் கூண்டுக்குப் பக்கத்திலும் ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தேனே.

புண் ஆறிப் பட்டையைக் கழற்றிய பிறகும் சில நாட்கள் அது வாயைத் திறக்கவில்லை. நானாக ஆரம்பித்தேன். அடுப்படியில் இருந்தாலும், துணி மடித்தாலும், அவ்வப்போது "இருக்கேன், இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தேன். கேட்கிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லாதபோது, மிக மெல்லிசாக வந்தது. "ஏனுங்க... எங்க இருக்கறீங்க?" மாவு பிசைந்த கையோடு, "இருக்கேன், இருக்கேன்" என்றேன். கிளி தலையைச் சாய்த்தது. மறுபடி கேட்டது. மறுபடி சொன்னேன். அன்றைக்கு எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, சப்பாத்தி முழுவதும் போட்டு முடிக்கிற வரைக்கும் அது கேட்டது, நான் சொன்னேன். கடைசியில் அது ஒரு காலைத் தூக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சம் இறகையும் உப்பிக்கொண்டு கண்ணை மூடியது. கூண்டின் அடியில் ஒரு இறகுகூட இல்லை. பயம் எனக்கு எப்போது போனது என்றே தெரியவில்லை.

பிடுங்கினால் இப்போது நான் ஓடுவதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அது நிறுத்துகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு சாவகாசமாகப் போய்க் கொய்யாக் கிளையை நீட்டுவேன். போர்வை ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது, அதுவும் அது கேட்டு நான் பதில் சொல்லி முடிந்த பிறகுதான்.

என் கணவரையும் பதில் சொல்லச் சொன்னேன். அது ஆம்பிளைக் குரலை எதிர்பார்க்கும் இல்லையா? அவர் முகத்தைச் சுளித்தார். "அடுத்தவர் சம்சாரம் கூப்பிட்டா நான் எப்படிங்க பதில் சொல்றது, மரியாதையா இருக்குமா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் போடாத 'ங்க'வை அவர் அன்றைக்கு அந்த அம்மாளுக்காகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

மாசியில் ஒருநாள் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. மலைப்பாதையில் மூட்டம் அடைத்துக்கொண்டு பஸ் ஊர்ந்துதான் ஏறியது. கிளி கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டதே, பதில் சொல்ல ஆளில்லையே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டாண்டில் இறங்கி ஏறக்குறைய ஓடினேன். எங்கள் சந்துக்குள் நுழையும்போது என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே எங்கிருந்தோ அந்தக் கேள்வி வந்தது. அதற்குக் கீழே, கடைக்குள்ளிருந்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி தணிந்த குரலில் என் கணவர் சொன்னார்: "இருக்கேங்க, இருக்கேன்." நான் அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி கேள்வி, மறுபடி பதில். ஆள் தெரியாத அந்த வெள்ளைக்குள் இரண்டு குரல்கள் மட்டும் மாடிக்கும் கீழுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தன. எனக்கு உள்ளே போக மனசே வரவில்லை. அந்த மனுஷர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் முதுகும் தொடையும் மூடிவிட்டன. மார்பில் மட்டும் முளைக்கவில்லை. அடிவேர் செத்துவிட்டது, அங்கே இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வருத்தமான நாட்களில், வீட்டில் விருந்தாளிகள் அதிகமான நாட்களில், இன்னும் ஒன்றிரண்டு இறகைப் பிடுங்கத்தான் செய்கிறது. முழுசாகக் குணமாகிற சங்கதி இல்லை இது, கூடவே இருந்து சமாளிக்கிற சங்கதி.

இதற்கிடையில் நான் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிளி அந்தக் கேள்வியைக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பதிலாக, மாடிப்படியிலிருந்து நான் என் கணவரைச் சாப்பிடக் கூப்பிடுவதை எடுத்துக்கொண்டது. அதே இழுவை, அதே எரிச்சல். அவர் ஏமாந்து இரண்டு தடவை மேலே வந்துவிட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாளின் குரல் கடைசியாக என்றைக்குக் கேட்டது என்று இப்போது யோசித்தால் எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

அப்போதுதான் பெரியவர் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, காப்பி விலையைப் பற்றிப் பேசினார். பிறகு, தயங்கித் தயங்கி, இப்போது தன்னால் தாங்க முடியும் என்று நினைப்பதாகவும், கிளி கூப்பிடும்போது போனைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்க முடியுமா என்றும் கேட்டார். வருகிற டூரிஸ்ட் எல்லாம் ஏரியையும் மூட்டத்தையும் செல்போனில் பிடித்துக்கொண்டு போகிற ஊர் இது. உலகத்திலேயே அந்த ஒரு பறவையிடம் மட்டும் மிச்சமிருந்த குரலைப் பிடித்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. முதலில் பயத்தில் தோன்றவில்லை, பிறகு அது பழகிப்போனதால் தோன்றவில்லை.

சொல்ல வாய் வராமல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே அவர் காத்திருந்தார். அவர் மூச்சுவிடுவது கேட்டது. கிளி போனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அப்புறம் என் குரலில், என் எரிச்சலோடு, தெளிவாகச் சொன்னது: "ஏங்க, சோறு ஆறுது!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அந்த நிதானமான குரல், களத்திலிருந்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி கொஞ்சம் உயர்த்தி, "இருக்கறன், இருக்கறன்" என்றது. கிளி நிமிர்ந்து நின்றது. கண்மணி சுருங்கி விரிந்தது. கம்பியில் நகர்ந்து நகர்ந்து போனுக்குப் பக்கத்தில் வந்து, தலையை அதன் பக்கமாகக் குனிந்து வைத்துக்கொண்டது. தடவிக்கொடுக்கச் சொல்கிறபோது அப்படித்தான் குனியும். அந்தக் கேள்வியை மட்டும் அது கேட்கவேயில்லை.

நான் போனை எடுத்து, மன்னிச்சுக்குங்க ஐயா, அம்மாவோட குரலை அது மறந்துருச்சு போல, நாங்க பிடிச்சு வைக்காம விட்டுட்டோம் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை. இறகு முளைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மார்பில் இல்லை, மற்ற இடமெல்லாம் முளைத்துவிட்டது என்றேன்.

"அப்ப சரிங்க அம்மணி" என்றார். "பதில் கெடச்சிருச்சல்லங்க. அப்புறம் எதுக்குக் கூப்புடறா."

கூண்டுக்குள் கிளி தன் மார்பின் வெறும் தோலை ஒருமுறை அலகால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிடுங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லாத அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, தூங்கப் போனது.

ஒரு உயிர் தன்னைத்தானே பிய்த்துக்கொள்வதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அதன் புண் கண்ணில் படுவதற்கு முன்பே, இது யாரைக் கூப்பிட்டது, நம்மில் யார் பதில் சொல்லாமல் இருந்தோம் என்றுதான் மனசு தேடுகிறது; அது மனுஷராக இருந்தாலும் அப்படித்தான்.